முகவீக்கமும் தோல்கட்டியும்: நுரையீரல் புற்றுநோயில் இரண்டு அறிகுறிகளை மருத்துவர்கள் பிரித்தறிவது எப்படி?

நுரையீரல் புற்றுநோய் உள்ள ஒருவருக்கு ஒரு நாள் காலையில் முகம் உப்பியிருக்கிறது. இன்னொருவருக்கு மார்பிலோ உச்சந்தலையிலோ வலியே இல்லாத சிறு கட்டி ஒன்று கையில் தட்டுப்படுகிறது. இரண்டும் வெளியே தெரியும் மாற்றங்கள் என்பதால் குடும்பத்தார் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கிறார்கள். சிலர் "நோய் தோலுக்குப் பரவிவிட்டது" என்று அஞ்சுகிறார்கள். சிலர் "மருந்தின் சூடு, தானே அடங்கிவிடும்" என்று காத்திருக்கிறார்கள். இரண்டு முடிவுகளும் பரிசோதனைக்கு முன்னே எடுக்கப்பட்டவை என்பதுதான் சிக்கல்.

முகம் வீங்குவது பெரும்பாலும் இரத்தம் இறங்கும் பாதையைப் பற்றிய கேள்வி. அதற்கு ஸ்கேன் படம் விடை சொல்லும். தோலில் கட்டி தோன்றுவது அங்கே எந்த வகை உயிரணு வளர்கிறது என்ற கேள்வி. அதற்கு நுண்ணோக்கிதான் விடை சொல்லும். முதல் கேள்விக்குச் சில வேளைகளில் மணிக்கணக்கில் விடை தேவைப்படும். இரண்டாவதற்குச் சில நாள்கள் பொறுக்கலாம், ஆனால் சில மாதங்கள் பொறுக்கக் கூடாது.

## மேற்பெருஞ்சிரை: எளிதில் நசுங்கும் குழாய்

தலை, கழுத்து, இரு கைகள், மார்பின் மேற்பகுதி ஆகியவற்றிலிருந்து திரும்பும் அசுத்த இரத்தம் முழுவதும் மேற்பெருஞ்சிரை என்ற ஒரே பெரிய சிரை வழியாக இதயத்தின் வலது மேலறைக்குச் செல்கிறது. இதன் நீளம் ஏறத்தாழ 7 செ.மீ., விட்டம் ஏறத்தாழ 2 செ.மீ. தமனிகளைப் போலத் தடித்த சுவர் இதற்குக் கிடையாது. உள்ளே ஓடும் இரத்தத்தின் அழுத்தமும் குறைவு. மூச்சுக்குழாய், வலது பெருமூச்சுக்கிளை, பெருந்தமனி, நிணநீர்க்கணுக்கள் ஆகியவற்றுக்கு நடுவே, மார்பின் வலப்பக்க மையப்பகுதியில் இது நெருக்கமாக அமைந்திருக்கிறது. எனவே அந்தக் கணுக்களில் புற்றுநோய் படிந்து அவை பெருத்தாலும், வலது நுரையீரலின் மேற்பகுதியில் உள்ள கட்டி உள்நோக்கி வளர்ந்தாலும், முதலில் நசுங்குவது பெரும்பாலும் இந்தச் சிரைதான். இடது நுரையீரல் கட்டிகளைவிட வலது நுரையீரல் கட்டிகளில் இந்த அடைப்பு அதிகம் காணப்படுவதற்கு இந்த அமைப்பே காரணம்.

இந்த நிலையை 1757ஆம் ஆண்டில் வில்லியம் ஹன்டர் முதன்முதலில் விவரித்தபோது, அவர் கண்ட நோயாளிக்கு மேகநோயால் உண்டான பெருந்தமனி வீக்கம் இருந்தது. இன்று பெரும்பாலான அடைப்புகளுக்குப் புற்றுநோயே காரணம். அவற்றில் நுரையீரல் புற்றுநோய் முதலிடத்திலும் நிணநீர்ப் புற்றுநோயான லிம்ஃபோமா அடுத்த இடத்திலும் இருக்கின்றன. நுரையீரல் புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ 2 முதல் 4 சதவீதத்தினருக்கு நோயின் ஏதேனும் ஒரு கட்டத்தில் இது நேர்கிறது. வேகமாக வளர்ந்து நடுமார்புக் கணுக்களை விரைவில் பிடிக்கும் சிறுசெல் வகையில் இந்த விகிதம் ஏறத்தாழ 10 சதவீதம்.

சிரை அடைபடும்போது கழுத்துச் சிரைகளின் அழுத்தம் இயல்பான 2–8 மி.மீ. பாதரச அளவிலிருந்து 20–40 வரை ஏறக்கூடும். அந்த அழுத்தம் தாங்காமல் நீர் திசுக்களுக்குள் கசிவதே முகவீக்கம். அதே நேரத்தில் உடல் மாற்றுப்பாதை தேடுகிறது: மார்புச்சுவரிலும் முதுகெலும்பை ஒட்டியும் உள்ள சிறு சிரைகள் பெருத்து, தடைபட்ட இரத்தத்தைக் கீழ்ப்பெருஞ்சிரைக்குக் கொண்டு சேர்க்கின்றன. இந்த மாற்றுப்பாதை உருவாகச் சில வாரங்கள் ஆகும். எனவே முழு அடைப்பு இருந்தாலும் அது மெல்ல மெல்ல வந்திருந்தால் தொல்லை குறைவாக இருக்கலாம். பாதியளவு அடைப்பே ஆனாலும் இரண்டு மூன்று நாள்களில் வந்திருந்தால் நோயாளி திணறிப்போகலாம். வீக்கத்தின் அளவைக் காட்டிலும் அது வந்த வேகத்தை மருத்துவர் முதலில் விசாரிப்பது இதனால்தான்.

## அடைப்பைச் சுட்டும் அடையாளங்கள்

படுத்திருக்கும்போதும் முன்னால் குனியும்போதும் வீக்கமும் தலைபாரமும் கூடுவது, எழுந்து உட்கார்ந்தால் சிறிது வடிவது, காலையில் மிகுந்து மாலையில் குறைவது ஆகியவை மேற்பெருஞ்சிரை அடைப்பின் குணம். சட்டையின் கழுத்துப்பட்டி திடீரென இறுகுவதாகவோ மோதிரம் கழலவில்லை என்றோ நோயாளி சொல்லக்கூடும், ஏனெனில் கழுத்தும் கைகளும் சேர்ந்தே வீங்குகின்றன. கழுத்துச் சிரைகள் உட்கார்ந்த நிலையிலும் புடைத்து நிற்பது, மார்பின் தோலில் நீலச் சிரைகள் வலைபோலத் தோன்றுவது, முகம் கருஞ்சிவப்பாவது, மூச்சுத்திணறல், இருமல், குரல் கம்முதல் ஆகியவையும் சேரலாம். கால்கள் வீங்குவது இதன் அடையாளம் அன்று. முகத்தோடு கால்களும் வீங்கியிருந்தால் சிறுநீரகம், இதயம், புரதக்குறைவு போன்ற வேறு திசைகளில் தேட வேண்டும்.

கீழ்க்கண்டவற்றுள் ஒன்று இருந்தாலும் அடுத்த மருத்துவமனைச் சந்திப்புவரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்:

1. மூச்சை உள்ளிழுக்கும்போது தொண்டையிலிருந்து சீழ்க்கை போன்ற ஒலி எழுவது. குரல்வளை வீங்கியிருப்பதையோ மூச்சுக்குழாய் நெரிபடுவதையோ இது காட்டுகிறது.
2. குழப்பமான பேச்சு, அளவுக்கு மீறிய தூக்கம், தாங்க முடியாத தலைவலி. மூளையில் நீர் கோத்திருக்கலாம்.
3. மயக்கம், அல்லது குனிந்தவுடன் நினைவு தப்புவது.

## படம் சொல்லும் விடை

நோயாளியின் தோற்றத்தைக் கொண்டு ஐயம் கொள்ளலாம். உறுதி செய்வது சிரையில் சாயமருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேன். சாயமில்லாத சி.டி. இங்கே அரைகுறை விடைதான் தரும். சிரையை வெளியிலிருந்து கட்டி அழுத்துகிறதா, கட்டி சிரைச்சுவரைத் துளைத்து உள்ளே நுழைந்திருக்கிறதா, சிரைக்குள் இரத்தம் உறைந்திருக்கிறதா என்ற மூன்றையும் பிரித்துக் காட்டச் சாயம் வேண்டும். இந்தப் பிரிவு வெறும் ஏட்டுப் பிரிவு அன்று. உறைவு இருந்தால் உறைவெதிர்ப்பு மருந்து தேவைப்படலாம். கீமோதெரபிக்காக மார்பில் பொருத்திய போர்ட் எனப்படும் குழாயே உறைவுக்குக் காரணம் என்றால் அந்தக் குழாயை என்ன செய்வது என்ற முடிவும் சேர்ந்துவிடுகிறது. புற்றுநோய் கட்டுக்குள் இருக்கும் ஒருவருக்குக்கூட இந்தக் குழாயால் மட்டுமே முகம் வீங்கக்கூடும். அதை நோய் முற்றியதாக எண்ணி மனமொடிந்து போகிறவர்கள் உண்டு என்பதால் இதைத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது.

கழுத்து மற்றும் கைச் சிரைகளின் உறைவைக் காண டாப்ளர் அல்ட்ராசவுண்ட் உதவும். ஆனால் மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் மேற்பெருஞ்சிரையை அது நேராகப் பார்க்க முடியாது. சிரைக்குள் குழாய் செலுத்தி எடுக்கும் வீனோகிராம் படம் இப்போது பெரும்பாலும் ஸ்டெண்ட் (சிரையை விரித்து வைக்கும் வலைக்குழாய்) வைக்கும் வேளையில்தான் எடுக்கப்படுகிறது.

## வீங்கிய முகங்கள் எல்லாம் அடைப்பால் வீங்கியவை அல்ல

நுரையீரல் புற்றுநோயாளியின் முகவீக்கத்துக்கு வேறு காரணங்களும் பல. அவற்றின் வரலாறும் தோற்றமும் வேறுபடுகின்றன.

1. ஸ்டீராய்டு முகம். டெக்ஸாமெத்தசோன் போன்ற மருந்துகளைச் சில வாரங்கள் உட்கொண்டால் முகம் வட்டமாகிக் கன்னங்கள் நிறையும். இது கொழுப்பு இடம்மாறிச் சேர்வதால் வருவது. படுத்தாலும் எழுந்தாலும் மாறாது, கழுத்துச் சிரைகளும் புடைக்காது. ஸ்டீராய்டே உட்கொள்ளாத சிறுசெல் புற்றுநோயாளிக்கு இத்தகைய மாற்றத்துடன் தசைத்தளர்ச்சியும் இரத்தத்தில் பொட்டாசியக் குறைவும் இருந்தால், உடலின் சொந்த ஸ்டீராய்டைத் தூண்டும் ஏசிடிஎச் ஹார்மோனைக் கட்டியே சுரக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

2. ஒவ்வாமை. உதடும் இமையும் சில நிமிடங்களிலோ மணிநேரங்களிலோ வீங்கி, அரிப்பும் தடிப்பும் சேர்ந்தால் கீமோதெரபி மருந்து, ஆன்டிபயாட்டிக், ஸ்கேன் சாயம் ஆகியவற்றை ஐயப்பட வேண்டும். இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் எனலாப்ரில் வகை மருந்துகள் அரிப்பே இல்லாமல் உதடு, நாக்கு வீக்கத்தை உண்டாக்கும். பல ஆண்டுகள் உட்கொண்ட பிறகும் திடீரென வரலாம்.

3. தைராய்டு குறைவு. பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் போன்ற நோயெதிர்ப்புச் சிகிச்சை மருந்துகள் தைராய்டு சுரப்பியைப் பாதிக்கக்கூடும். முகம் ஊதி, தோல் வறண்டு, குளிர் தாங்காமல், சோர்வும் மலச்சிக்கலும் மெல்ல மெல்லச் சேரும். டிஎஸ்எச் என்ற எளிய இரத்தப் பரிசோதனையில் இது தெரிந்துவிடும்; மாத்திரையால் சரியாகும்.

4. சிறுநீரில் புரதம் வெளியேறுதல். நுரையீரல் புற்றுநோயோடு சேர்ந்து சிறுநீரக வடிகட்டிகள் பழுதுபடும் நிலை சிலருக்கு உண்டு. கண்ணைச் சுற்றிய வீக்கம் காலையில் மிகுதியாக இருக்கும், சிறுநீர் நுரைக்கும், கால்களும் வீங்கும்.

5. தோலுக்கடியில் காற்று. நெஞ்சுக்குழாய் பொருத்திய பிறகோ, நுரையீரலிலிருந்து திசு எடுக்கும் பயாப்ஸிக்குப் பிறகோ காற்று கசிந்து கழுத்துக்கும் முகத்துக்கும் ஏறலாம். விரலால் அழுத்தினால் உப்புக்கற்கள் நெறிபடுவதுபோல நறநறவென உணரலாம். இங்கே சொல்லும் வேறெந்த வீக்கத்திலும் இந்த உணர்வு இராது.

6. இமையைச் சுற்றி ஊதாச் சிவப்பு. மேலிமை வீக்கத்தோடு ஊதா நிறமும், விரல் முட்டிகளின் மேல் சிவந்த தடிப்புகளும், தொடை மற்றும் தோள் தசைகளில் தளர்ச்சியும் இருந்தால் டெர்மடோமயோசைட்டிஸ் ஆக இருக்கலாம். புற்றுநோயோடு இணைந்து வரும் தசைநோய் இது. சிலருக்குப் புற்றுநோய் கண்டறியப்படுவதற்கு முன்பே தோன்றும்.

முகத்தின் ஒரு பக்கம் மட்டும் வீங்குவது வேறு கணக்கு. பல்வேர்ச் சீழ், கன்ன உமிழ்நீர்ச் சுரப்பியின் அழற்சி, தாடையெலும்பில் பரவல், எலும்பைக் காக்கத் தரப்படும் சோலெட்ரோனிக் அமிலம் அல்லது டெனோசுமாப் பெற்றவர்களுக்கு நேரும் தாடையெலும்புச் சிதைவு ஆகியவற்றை அங்கே தேடுவார்கள். அதற்குப் பல் மருத்துவரின் கண்ணும் தேவை.

## சிகிச்சைக்கு முன் திசு

மேற்பெருஞ்சிரை அடைப்பு என்றவுடன், திசுப் பரிசோதனைக்குக்கூடக் காத்திராமல் கதிர்வீச்சைத் தொடங்குவது ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. உடனடி உயிராபத்து பெரும்பாலோருக்கு இல்லை என்பது பின்னர் தெளிவானதால் அந்த அணுகுமுறை மாறியது. இன்று, மேலே சொன்ன அவசர அடையாளங்கள் இல்லாதவரை, முதலில் பயாப்ஸி, பிறகு சிகிச்சை என்பதே முறை. அடைப்புடன் முதன்முதலாக வரும் ஒருவருக்கு இருப்பது சிறுசெல் புற்றுநோயா, சிறுசெல் அல்லாத வகையா, லிம்ஃபோமாவா என்பதைப் பொறுத்துச் சிகிச்சை முற்றிலும் மாறுகிறது. சிறுசெல் வகையும் லிம்ஃபோமாவும் மருந்துக்கே விரைவில் சுருங்கக்கூடியவை. லிம்ஃபோமா ஸ்டீராய்டுக்குக்கூடக் கரையும். பயாப்ஸிக்கு முன் ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால் எடுத்த திசுவில் நோயின் தடயமே இல்லாமல் போகலாம். தலையை உயர்த்திப் படுக்க வைப்பது, தேவைப்பட்டால் ஆக்ஸிஜன் கொடுப்பது ஆகியவற்றால் அந்த ஓரிரு நாள்களைக் கடக்க முடியும்.

தொல்லை கடுமையாக இருந்தால் ஸ்டெண்ட் வைப்பது விரைவான வழி. நசுங்கிய சிரைக்குள் உலோக வலைக்குழாயை விரித்தவுடன் இரத்தம் இறங்கத் தொடங்கும். முகவீக்கம் பெரும்பாலும் ஓரிரு நாள்களில் வடியும். இது திசுப் பரிசோதனைக்கு எந்த இடையூறும் செய்யாது என்பது இதன் தனிச்சிறப்பு.

## தோல்பரவல் எப்படித் தோன்றும்?

உள்ளுறுப்பில் தோன்றிய புற்றுநோயின் உயிரணுக்கள் இரத்தம் அல்லது நிணநீர் வழியாகத் தோலை அடைந்து அங்கே வளர்வதே தோல்பரவல். வெளியான தொகுப்புகளில் நுரையீரல் புற்றுநோயாளிகளில் 1 முதல் 12 சதவீதம் வரை இது பதிவாகியிருக்கிறது. ஆண்களுக்கு வரும் தோல்பரவல்களின் முதன்மையான மூலங்களில் நுரையீரல் ஒன்று. பெண்களுக்கு மார்பகம் முதலிடத்தில் நிற்கிறது. நுரையீரலில் நோய் இருப்பதே தெரியாத நிலையில், தோல்கட்டியே முதல் அறிகுறியாக வந்து நிற்பதும் உண்டு.

வழக்கமான தோற்றம் இதுதான்: உறுதியான, வலியற்ற, உருண்டையான முடிச்சு, தோலின் நிறத்திலோ சிவப்பாகவோ ஊதாவாகவோ இருக்கும், ஒன்றாகவும் வரும், கொத்தாகவும் வரும், சில வாரங்களில் விரைந்து பெருத்துப் பிறகு ஒரே அளவில் நிற்கக்கூடும், சில புண்ணாகிக் கசியும். மார்பு, வயிறு, முதுகு, தலை, கழுத்து ஆகியவை பொதுவான இடங்கள். உச்சந்தலையில் வந்தால் அந்த இடத்தில் முடி உதிர்ந்து வழுக்கைத் திட்டுபோலத் தெரியலாம். அரிதாக மூக்கின் நுனியில் செந்நிறக் கட்டியாக வரும். முடிச்சே இல்லாமல், தோல் சிவந்து சூடாகித் தடித்து, கிருமித்தொற்றைப் போலவே தோன்றும் வகையும் உண்டு. ஆன்டிபயாட்டிக் கொடுத்து ஒரு வாரம் கடந்தும் மாறாத, காய்ச்சலும் இல்லாத "தொற்றை" பயாப்ஸி செய்யாமல் மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டே போவதுதான் இதில் அடிக்கடி நேரும் தவறு.

தோற்றத்தை வைத்து மட்டும் முடிவு செய்ய இயலாது. கொழுப்புக்கட்டி, மயிர்க்கால் நீர்க்கட்டி, சீழ்க்கட்டி, தோலிலேயே பிறந்த புற்றுநோய் ஆகிய எல்லாம் இதே போல இருக்கக்கூடும். எதிர்த்திசையிலும் தவறு நேர்கிறது. ஜெஃபிடினிப், எர்லோடினிப், ஓசிமெர்டினிப் போன்ற இலக்குச் சிகிச்சை மருந்துகள் முகத்திலும் மார்பிலும் முகப்பரு போன்ற கொப்புளங்களை உண்டாக்கும்; பெரும்பாலும் மருந்து தொடங்கிய முதல் இரண்டு வாரங்களில் தோன்றி, அரிப்புடன், ஒரே அளவிலான பல புள்ளிகளாக இருக்கும். அவற்றைப் பரவல் என்று அஞ்சி மருந்தை நோயாளியே நிறுத்திவிடுவது பெரும் இழப்பு. தனித்து நின்று, ஆழத்தில் உறுதியாக, வாரம் ஒரு அளவாக வளரும் முடிச்சையே ஐயப்பட வேண்டும்.

## பயாப்ஸியும் சாயங்களும்

மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுக்கும் பரிசோதனையில் புற்று உயிரணு உண்டா என்பது ஒரே நாளில்கூடத் தெரியலாம். எங்கிருந்து வந்தது என்பதை அறிய முழுத்திசுத் துண்டு மேலானது. தோலில் பதிந்த முடிச்சுக்கு 4 மி.மீ. அளவிலான பஞ்ச் பயாப்ஸி பொதுவாகப் போதும். தோலுக்கடியில் கொழுப்பில் புதைந்திருக்கும் முடிச்சை அந்தக் கருவி எட்டாமல் மேல்தோலை மட்டும் எடுத்து வந்து "புற்று இல்லை" என்று தவறாகக் காட்டக்கூடும். அத்தகைய முடிச்சுக்குக் கத்தியால் வெட்டி எடுப்பதோ தடித்த ஊசியோ தேவை.

நுண்ணோக்கியில் புற்று உயிரணுக்கள் உள்தோலில் கூட்டமாக இருந்து, அவற்றுக்கும் மேல்தோலுக்கும் இடையே தொடர்பில்லாத ஒரு தெளிந்த பட்டை தெரிந்தால், அவை வெளியிலிருந்து வந்து குடியேறியவை என்ற எண்ணம் வலுப்படும். பிறகு குறிப்பிட்ட புரதங்களை அடையாளம் காட்டும் இம்யூனோ சாயங்கள் பூசப்படுகின்றன.

- சுரப்பி உயிரணு வகையான நுரையீரல் அடினோகார்சினோமா பெரும்பாலும் சிகே7, டிடிஎஃப்-1, நாப்சின்-ஏ ஆகியவற்றுக்குச் சாயமேறும், சிகே20க்கு ஏறாது. தைராய்டு புற்றுநோயும் டிடிஎஃப்-1 காட்டும் என்பதால் தைரோகுளோபுலின் சாயத்தால் அதை விலக்குகிறார்கள்.
- சிறுசெல் புற்றுநோயும் தோலில் பிறக்கும் மெர்க்கெல் செல் புற்றுநோயும் நுண்ணோக்கியில் இரட்டையர்போலத் தோன்றும். மெர்க்கெல் பெரும்பாலும் சிகே20 காட்டும், டிடிஎஃப்-1 காட்டாது. நுரையீரல் சிறுசெல் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு.
- தட்டை உயிரணுக்களில் தோன்றும் ஸ்குவாமஸ் வகையே மிகக் கடினமானது. நுரையீரலில் பிறந்ததும் தோலில் பிறந்ததும் ஒரே சாயங்களைக் காட்டுவதால், மேல்தோலோடு தொடர்பு உண்டா, நோயாளியின் வரலாறு என்ன, ஸ்கேனில் என்ன தெரிகிறது என்பவற்றைச் சேர்த்தே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

பயாப்ஸிப் படிவத்தில் "முதுகில் கட்டி" என்று மட்டும் எழுதி அனுப்பினால், நோயியல் நிபுணர் ஒவ்வொரு சாயமாகச் சோதித்துச் சிறு திசுவைத் தீர்த்துவிட நேரும். நுரையீரல் புற்றுநோய் இருந்தது, இன்ன வகை, இன்ன மருந்து பெறுகிறார் என்ற ஒரு வரி அந்தத் திசுவை அடுத்த பரிசோதனைகளுக்கு மிச்சப்படுத்தும்.

## முடிவு மாறினால் என்ன மாறும்?

தோல்பரவல் உறுதியானால் நோய் நான்காம் நிலையில் வகைப்படுத்தப்படும். மார்புக்கு வெளியே ஒரே ஒரு பரவல் மட்டும் இருந்தால் அதன் குறியீடு எம்1பி, பல இருந்தால் எம்1சி. இங்கே ஒரு நுட்பம் உண்டு: நுரையீரல் கட்டி மார்புச்சுவரைத் துளைத்து நேராகத் தோல்வரை வளர்ந்திருந்தால் அது பரவல் அன்று, மூலக்கட்டியின் நீட்சி. ஆகவே மார்பில் தெரியும் முடிச்சு உள்ளே இருக்கும் கட்டியோடு தொடர்ந்திருக்கிறதா என்பதை சி.டி. படத்தில் பார்க்காமல் நிலையைக் குறிக்கக் கூடாது. முழு உடல் பெட்-சி.டி. மற்ற பரவல்களைத் தேடும். மூளைக்குத் தனியாக எம்.ஆர்.ஐ. எடுப்பது வழக்கம்.

தோல்பரவல் கண்டவர்கள் சில மாதங்களே வாழ்வார்கள் என்று பழைய நூல்கள் கூறும். அவை இலக்குச் சிகிச்சையும் நோயெதிர்ப்புச் சிகிச்சையும் வருவதற்கு முந்தைய அனுபவம். இன்று அதே தோல் திசுவில் இஜிஎஃப்ஆர், ஏஎல்கே, ராஸ்1 போன்ற மரபணு மாற்றங்களையும் நோயெதிர்ப்புச் சிகிச்சைக்கு வழிகாட்டும் பிடி-எல்1 புரத அளவையும் சோதிக்க முடிகிறது. பொருத்தமான மாற்றம் கிடைத்தால் மாத்திரையிலேயே தோல்கட்டி சுருங்கி மறைவதைக் கண்ணாலேயே காணலாம். மருந்து சில காலம் வேலை செய்து பிறகு தோற்கும்போது, புதிதாகத் தோன்றிய தோல்கட்டியில் டி790எம் போன்ற எதிர்ப்பு மாற்றத்தைத் தேடுவதும் இதனால் எளிதாகிறது.

## இரண்டும் ஒருவருக்கே வந்தால்

முகவீக்கமும் தோல்கட்டியும் ஒருவருக்கே சேர்ந்து வருவதும் உண்டு. அடைப்பால் தோல் நீர்கோத்துத் தடித்திருக்கும்போது சிறு முடிச்சுகள் கண்ணுக்குத் தெரியாமல் போகும். எனவே மார்பு, முதுகு, உச்சந்தலை, கழுத்தெலும்பின் மேற்குழி ஆகியவற்றை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். புடைத்து நிற்பது மாற்றுப்பாதைச் சிரையா முடிச்சா என்று ஐயம் இருந்தால் ஊசி போடும் முன் அல்ட்ராசவுண்டில் பார்ப்பது பாதுகாப்பு. அழுத்தம் மிகுந்த சிரையில் ஊசி பட்டால் இரத்தம் நிற்க நேரமாகும். கையில் ஊசிவழி மருந்து ஏற்றுவதைத் தவிர்த்துக் காலில் ஏற்றுவதும், கைகளிலிருந்து இரத்தம் திரும்பும் பாதை தடைபட்டிருப்பதால்தான்.

அடைப்பு கடுமையாக உள்ளவரால் மல்லாந்து படுக்க முடியாது. மூச்சுக்குழாய்க்குள் கருவி செலுத்தும் பிராங்கோஸ்கோப்பிக்கு மயக்கமருந்து கொடுப்பதும் ஆபத்தாகலாம். அந்த நிலையில் முதுகிலோ வயிற்றிலோ, வீக்கம் இல்லாத இடத்தில் கிடைக்கும் ஒரு சிறு முடிச்சு பெரும் உதவியாகிறது. நோயாளி நாற்காலியில் உட்கார்ந்தபடியே, தோலை மட்டும் மரக்கச் செய்து, சில நிமிடங்களில் அதிலிருந்து திசு எடுத்துவிடலாம்; நோயின் வகையும் மரபணு மாற்றமும் அந்தத் துண்டிலேயே தெரிந்துவிட்டால், நெஞ்சுக்குள் கருவி செலுத்தாமலே சிகிச்சையைத் தொடங்க முடியும்.